தைத்தவர் பெயர்

"அந்தப் பொம்பளைய வராண்டாவோட நிறுத்துங்க. உள்ளார கூட்டியாந்துபோடாதீங்க" என்று சமையலறையிலிருந்தே சத்தம் போட்டாள் ருக்மணி.

கூடத்துச் சோபாவில் வெள்ளி டம்ளரும் காபியுமாக உட்கார்ந்திருந்த விமலாராணி வாசலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படியருகே நின்றவள் சின்னாத்தாள், விமலாவின் அப்பா தேவதாஸுடைய கூடப்பிறந்த அக்கா.

விமலா ஆராய்ச்சி மாணவி. உழவர் வீட்டுத் தோல் சாமான்கள் எப்படி மியூசியத்துக்கும் கலைப்பொருள் ஏலத்துக்கும் போய்ச் சேர்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. நாலு வருட உழைப்பு. அதில் பாதிப் படங்கள் இந்த மில் முதலாளி சென்னியப்பன் வீட்டுச் சேகரிப்பிலிருந்து எடுத்தவை. அவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கடைசி நாளோ அடுத்த திங்கட்கிழமை.

முதலாளிக்கும் அவளிடம் ஒரு காரியம் இருந்தது. கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைத்த காலத்துத் தோல் பறி ஒன்றை உக்கடத்துப் பழைய சாமான் வியாபாரி ரசாக்கிடம் வாங்கி, கூடத்தில் மேடை போட்டு, மேலே விளக்கும் மாட்டி வைத்திருந்தார். அதை விலைக்குக் கேட்டிருந்த டெல்லிக்காரர், யாராவது படித்தவர் எழுதிய குறிப்பு வேண்டும் என்றாராம். என்ன பொருள், எந்த ஊர், தைத்தவர் யார் என்று மூன்று கேள்விகள். அதற்காகத்தான் கருமத்தம்பட்டிப் பக்கம் தோல் தைக்கத் தெரிந்த ஆள் ஒன்றை அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த ஆளின் பெயரைக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

விமலாவின் பெயரைக் கேட்டார்கள், ஊரையும் கேட்டார்கள். முதல் நாளே ருக்மணி, "உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க அம்மணி?" என்று தேன் ஒழுகக் கேட்டாள். "நாகர்கோவில் பக்கமுங்க" என்றாள் விமலா. அப்பா சொல்லிக்கொடுத்த பதில் அது; அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் என்றால் மேற்கொண்டு சாதியைத் துருவ மாட்டார்கள். மிஷன் ஹாஸ்டலில் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, வாத்தியாராகி நகரத்துக்கு வந்த மனிதர் பிள்ளைக்கு ஜெபத்தோடு சேர்த்து இந்தப் பொய்யையும் கற்றுக்கொடுத்திருந்தார். அதன் தயவில்தான் அவளுக்குச் சோபாவும் வெள்ளி டம்ளரும் கிடைத்தன.

பறியைத் துணி சுற்றிய கையால் தூக்கி வந்து கூடத்து வாசலில் வைத்தார்கள்.

"தொடாமப் பாரு ஆத்தா. கை பட்டா மெருகு போயிரும்" என்றார் சென்னியப்பன்.

சின்னாத்தாள் குனிந்தவள், நிமிரும்போது சோபாவைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டு, "கும்புடறனுங்க அம்மணி" என்று தம்பி மகளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

விமலா எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டிய அத்தை கும்பிடுகிறாள். இவள் தலையை மட்டும் அசைத்தாள், யாரோ ஒரு பெரிய இடத்துப் பெண்ணைப் போல. உடம்பெல்லாம் கூசியது. கூசினால் என்ன, சோபாவை விட்டு எழவில்லையே.

சின்னாத்தாளின் கண் பறியின் வாய் ஓரத்தில் நின்றது. விமலாவும் அதைத்தான் பார்த்தாள். தோல்வாரை இரண்டு முறை மடக்கி, முனையை உள்ளே செருகி முடித்த கட்டு. கை விளங்காமல் போன புருஷனுக்குப் பதிலாகத் தைக்க உட்கார்ந்த சின்னாத்தாள் தானாகக் கண்டுபிடித்த முடிப்பு அது. வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. பள்ளி லீவில் பக்கத்தில் உட்கார்ந்து விமலா பார்த்திருக்கிறாள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அந்தக் கட்டைப் பற்றியதுதான். "களப்பணியில் கண்டது" என்று எழுதியிருந்தாள்.

"யாரு தெச்சதுன்னு தெரியுதா?"

சின்னாத்தாள் முதலாளியைப் பார்க்கவில்லை. விமலாவைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சாமி. எந்தூர்க்காரங்களோ."

என் கை வேலை என்று சொன்னால் பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், தம்பி எங்கே, அவன் பிள்ளை எங்கே என்று பேச்சு வளரும். அதனால் தன் கைவேலையை ஊர் பேர் தெரியாதவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். விமலா குறிப்புத் தாளில் எழுதினாள்: 'தைத்தவர் பெயர் தெரியவில்லை.'

"அதானுங்க வேணும்!" என்று சிரித்தார் சென்னியப்பன். "பேரில்லாத கலைன்னா டெல்லிக்காரங்களுக்கு உசுருங்க. பேரு போட்டா கூலிக்குத் தெச்ச சாமானமாயிரும்." பறி மறுபடியும் விளக்கின் கீழே போய் உட்கார்ந்தது. சின்னாத்தாளைப் போகச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ருக்மணி வேலைக்காரியைக் கூப்பிட்டாள். "பொன்னி, வராண்டாவுல மஞ்சத்தண்ணி தெளிச்சுபோடு."

பொன்னி வாளியோடு வந்தாள். அத்தை நின்ற இடத்தில் முதல் கை தண்ணீர் விழுந்தபோது விமலாவுக்கு அது தன் மூஞ்சியில் விழுந்த மாதிரி இருந்தது. தாளை எடுத்தாள். எழுதியதை அடித்தாள். கீழே எழுதினாள்: 'தைத்தவர்: சின்னாத்தாள், கருமத்தம்பட்டி. சொன்னவர்: அவருடைய தம்பி மகள்.'

சென்னியப்பன் வாங்கிப் படித்தார். "தம்பி மகள்னா... யாருங்க?"

"நாந்தானுங்க. இப்ப வந்துட்டுப் போனவங்க எங்க அத்தைங்க."

"நாகர்கோவில்னீங்களே?"

"பொய்யிங்க."

அவர் கோபப்படவில்லை. கொங்குச் சீமையின் மரியாதை அத்தனை சுலபத்தில் போய்விடுமா? மேஜை மேல் கையெழுத்துக்குக் காத்திருந்த அனுமதிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பறமா போன் பண்றனுங்க" என்றார். அந்தப் போன் வராது என்று விமலாவுக்குத் தெரியும். நாலு வருடம் அந்தச் சட்டைப் பைக்குள் போனது. ருக்மணி சமையலறை வாசலில் நின்று வெள்ளி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்ற பொன்னி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கம்மா, சோபாவுக்கும் தெளிக்கோணுங்களா?"

ருக்மணி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார். விமலாதான் எழுந்து பதில் சொன்னாள்.

"தெளிங்க பொன்னி. காத்தால இருந்து அங்கதான் உக்காந்திருந்தேன். அப்படியே அந்தப் பறி மேலயும் தெளிச்சுபோடுங்க. அது பூராவும் எங்க அத்தை கை பட்டதுதானுங்க."