சுருள் வண்டிக்காரரின் மனைவி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது பொறாமையில். முதலில் ‘எழுத்தின் மேல் இருந்த ஆர்வத்தில்’ என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது என் குரல் மாதிரியே இல்லை. அடித்துவிட்டேன்.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதச் சொல்லித்தரும் டேலி வகுப்பு நடக்கிறது. சாயங்கால வகுப்பு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். என் பக்கத்து நாற்காலி ஜெஸ்லினுடையது. என் கணவர் நாகராஜ் சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அவள் கணவர் எபனேசரும் அப்படித்தான். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்து வண்டி வாங்கியவர் அவர். இரண்டு வண்டிகளிலும் போவது பன்னீர் திராட்சை.

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிகளை இறக்கும்போது, வழியில் குலுங்கிக் கொத்தை விட்டு உதிர்ந்து கிடக்கும் பழம் வண்டிக்காரருக்கு. அதனால் மாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பை நிறைய உதிர்பழம் இருக்கும். நான் வகுப்புக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுப்பேன். கொடுப்பதில் ஒரு பெருமையும் உண்டு.

ஒரு நாள் ஜெஸ்லின் இரண்டு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“நல்லா இனிக்குதுக்கா. எங்க வண்டியில ஒண்ணும் உதிர்றதே இல்லையா, வீட்டுக்குப் பழமே வர்றதில்ல. அவுக காசு குடுத்துத்தான் வாங்கிட்டு வாராக.”

(வேண்டுமென்றே சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா? வெகுளி என்று நான் முடிவெடுத்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

2

தொடக்கங்கள்.

முதலாவது: ‘மேற்கு மலையின் அடிவாரத்தில், பச்சைப் பந்தல்களுக்கு நடுவே வளைந்து செல்லும் அந்தச் சாலையில் —’

மலையிலிருந்து தொடங்கினால் வண்டி வந்து சேர இரண்டு பக்கம் ஆகும்.

இரண்டாவது: ‘அவளுக்கு எல்லாமே மெத்தென்று வாய்த்திருந்தது. அவள் சிரிப்பும் —’

இது கதையில்லை, வயிற்றெரிச்சல். முதல் வரியிலேயே அது தெரியக் கூடாது. (மேலே முதல் வரியில் நானே சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.)

மூன்றாவது: ‘ஒரு வண்டியின் பின்பக்கத்தை எது தாங்குகிறது?’

பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இது தெரியாமல் மேலே போக முடியாது. தெரிந்துகொள்ள நான் தேனியில் கோட்டைச்சாமி அண்ணனின் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். எங்கள் வண்டிக்கு வேலை பார்க்கிறவர்.

“என்னத்தா, வண்டி வாங்கப் போறியா?”

“இல்லண்ணே, கதை எழுதப் போறேன்.”

“ஸ்பிரிங்கப் பத்தியா? அதையும் படிக்க ஆளு இருக்கா?”

சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். பிக்கப்பின் பின்பக்கம் வழக்கமாக இருப்பது பட்டை. வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நல்ல பாரம் ஏற்றினால் அமுங்கிப் பதமாக ஓடும். பாரம் குறைந்தால் தூக்கித் தூக்கிப் போடும். திராட்சையோ குறைந்த பாரம். உயரமாக அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கிவிடும். எங்கள் வீட்டில் உதிர்பழம் சேர்வதற்குக் காரணம் இதுதான். எபனேசர் பட்டைகளைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய காரிலிருந்து எடுத்த சுருள் ஸ்பிரிங்கை மாட்டியிருக்கிறார். குறைந்த பாரத்தில் சுருள் தொட்டில் மாதிரி போகும்.

“அப்ப சுருளுதான் ஒசத்தியாண்ணே?”

“பாரத்தத் தாங்கும். அவ்வளவுதேன். ஆக்சில் அங்கிட்டு இங்கிட்டுப் போகாமப் பிடிக்கிறது அதால ஆகாது. பட்டைன்னா ரெண்டையும் பாத்துக்கிரும். சுருளு மாட்டுனா நீளவாக்குல ரெண்டு கை வைக்கணும், குறுக்க ஒரு கம்பி வைக்கணும். அந்தக் குறுக்குக் கம்பி பிடிப்பு விட்டுச்சுன்னா, வளைவுல பின்பக்கம் தனியாப் போகப் பாக்கும். டொக்கு டொக்குன்னு சத்தம் வரும்.”

“வந்தா?”

“வந்தா எறங்கிரணும்த்தா.”*

* இந்தப் பேச்சை ஒரு தடவை வெட்டிவிட்டேன். ஸ்பிரிங் பற்றி இவ்வளவு எதற்கு என்று தோன்றியது. ஐந்தாம் பகுதியை எழுதும்போது மறுபடி சேர்த்தேன்.

3

என் கதாநாயகனுக்குச் செல்லப்பாண்டி என்று பெயர் வைத்தேன். பட்டை வண்டிக்காரன். சுருள் வண்டிக்காரனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ‘செல்லப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வண்டியையே பார்த்தான்’ என்று எழுதி என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“யாரு புள்ள இவன்?”

“நீங்கதான்.”

“நான் எதுக்குப் பல்லக் கடிக்கணும்?”

“எபனேசர் வண்டியப் பாத்து.”

“மாட்டுன அன்னைக்கே போயி அடியில படுத்துப் பாத்தேன். என்னமா செஞ்சிருக்காப்ல! ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுத்தான் வந்தோம்.”

“டீ வேற குடிச்சீகளா?”

“அவருதான் காசு குடுத்தாரு.”

இதுதான் என் சிக்கல். பொறாமை இல்லாத ஆளை வைத்துக்கொண்டு பொறாமைக் கதையை எப்படி நகர்த்துவது? என்னுடையதை எடுத்துச் செல்லப்பாண்டிக்குப் போட்டுவிட்டேன். சட்டை பெரிதாக இருக்கிறது. தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி என்னிடமே வருகிறது.

ஜெஸ்லினுக்குக் கதையில் நதியா என்று பெயர் வைத்துப் பார்த்தேன். நதியா கொஞ்சம் குட்டையாக, சற்றுத் தெத்துப்பல்லோடு வந்தாள். ஜெஸ்லினுக்குத் தெத்துப்பல் கிடையாது. என் கையைக் கண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஜெஸ்லின் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

கதைக்கு ஒரு போட்டி வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கமிஷன் கடைக்காரர் சுந்தரலிங்கம் அதை உண்மையிலேயே வைத்தார். கேரளாவுக்குப் போகிற திராட்சை முழுவதும் அவர் கை வழியாகத்தான் போகும். இரண்டு வண்டிக்காரர்களையும் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் குமுளிக்கு ஆளுக்கொரு லோடு கொண்டு போங்க. எதுல உதிர்வு கம்மியோ, இந்த சீசன் பூரா அந்த வண்டிக்குத்தான். அப்புறம் என்னய யாரும் குறை சொல்லக் கூடாது.”

அந்த லோடு கிடைக்காவிட்டால் என் கணவர் போன வருஷம் மாதிரி ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஓட்டப் போவார். ராத்திரி முழுக்க ஓட்டம், பகலில் தூக்கம். நான் வகுப்புக்குக் கிளம்பும்போது எழுந்து சோம்பல் முறிப்பார். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாத மாதங்கள் அவை. எனக்கு லோடு வேண்டாம், அவர் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன.

புதன்கிழமை அவர் கோட்டைச்சாமி அண்ணனிடம் போய், திராட்சைக்காக ஒரு பட்டையைக் குறைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். “இப்ப கொஞ்சம் பதமாத்தான் போகுது புள்ள” என்று என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். பொறாமை இல்லாதவர் என்றுதான் சொன்னேன். ஆசை இல்லாதவர் என்று சொல்லவில்லை.

5

வியாழக்கிழமை வகுப்பு.

“நாளைக்கு நானும் வண்டியில போறேன்க்கா” என்றாள் ஜெஸ்லின். “குமுளியில எங்க அக்கா இருக்குல்ல, பாத்துட்டு வரலாம்னு.”

“சொகமாப் போயிட்டு வா. உங்க வண்டிக்கு என்ன, தொட்டிலு.” இதில் கொஞ்சம் காரம் இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

“அட நீங்க வேறக்கா! பத்து நாளா முன்ன மாதிரி இல்ல. வளைவுல திரும்புனா பின்னாடி யாரோ இடுப்பால இடிக்கிற மாதிரி இருக்கு. டொக்குன்னு சத்தம் வேற. அவுகட்ட சொன்னா, ‘பாட்டைக் கூட்டி வையி, சத்தம் கேக்காது’ங்கிறாக.”

கீபோர்டில் என் விரல் நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கதையை எழுதாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் அதுதான் முதலில் வந்தது. இந்த வரியையும் அடிக்கப் பார்த்தேன் — அடிக்கவில்லை.

பிறகு சொன்னேன். “ஜெஸ்லின், அந்தச் சத்தம் நல்லதில்ல. அடியில ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். அது பிடிப்பு விட்டுருக்கும். நாளைக்கு அதோட மலையேறாதீக.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை. சிரித்தாள்.

“நாளைக்குத்தானக்கா போட்டி?”

“அதுக்குச் சொல்லல புள்ள —”

“எங்க வண்டி நின்னா உங்க வண்டிதான். எனக்கும் வெளங்கும்க்கா.”

என் தோளை லேசாகத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். உண்மையை முழுசாகச் சொன்னேன். சொன்ன ஆள் சரியில்லை. இத்தனை நாள் நான் பழம் நீட்டிய விதத்தில், வண்டியைப் பற்றிக் கேட்ட விதத்தில், எல்லாவற்றிலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெகுளி இல்லை.

6

பஸ்ஸில் வரும்போதும், வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும்போதும் யோசித்த முடிவுகள்:

ஒன்று. நான் சொல்லிவிட்டேன், அவள் கேட்கவில்லை, என் கடமை முடிந்தது. வெள்ளிக்கிழமை லோயர் கேம்ப் தாண்டி, மலை வளைவில் சுருள் வண்டி ஓரமாக நின்றுவிடுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திராட்சை மட்டும் —

இதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. திரும்ப வாசித்தால், அந்த வண்டியில் ஆளே இல்லை. எபனேசரைக்கூட உட்காரவைக்க மறந்திருக்கிறேன். முன்சீட்டில் ஜெஸ்லினை உட்காரவைத்து, அக்காவுக்கு என்று ஒரு பையையும் மடியில் கொடுத்து மறுபடி எழுதிப் பார்த்தேன். முதல் வளைவைத் தாண்டி ஒரு வரி எழுத முடியவில்லை. ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்று நான் எழுதினால் அந்தக் கம்பி கேட்குமா?

இரண்டு. என் கணவரிடம் சொல்கிறேன். அவர் சொன்னால் நம்புவார்கள். அவருக்குப் பொறாமை இல்லை என்பது ஊருக்கே தெரியும். இத்தனை நாள் கதைக்கு உதவாத குணம். ஆனால் அவர் சொல்லிவிட்டு வர மாட்டார். தன் கையாலேயே சரிசெய்துவிட்டுத்தான் வருவார். சுருள் வண்டி தொட்டில் மாதிரி மலையேறும். நான் மறுபடி தனியாகச் சாப்பிடுவேன்.

மூன்று. சுந்தரலிங்கம் மனம் மாறி லோடை இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுக்கிறார். நல்ல முடிவு. சுந்தரலிங்கத்தைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

7

அவர் வந்து கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் தோசையை வைத்துவிட்டுச் சொன்னேன்.

“எப்ப சொன்னுச்சு அந்தப் புள்ள?”

“சாயங்காலம். வகுப்புல.”

“இப்ப சொல்ற?”

“அவகிட்டச் சொன்னேன். நம்பல.”

“எங்கிட்ட ஒரு போன் போட்டா என்ன?”

நான் சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தார். எழுந்து ஸ்பேனர் பையை எடுத்தார்.

“சாப்பிட்டுப் போங்க.”

“மூடி வையி.”

“நாளைக்கு நம்ம லோடு?”

“நாளைக்கு இருக்குல்ல புள்ள” என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஜெஸ்லின்.

“அக்கா, அண்ணன் இங்கன வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்காக. கம்பி பிடிச்சிருக்கிற எடத்துல வெல்டிங் முக்காவாசி விட்டுப்போச்சாம். பட்டறைக்காரருக்குப் போன் போட்டு வரச் சொல்லிருக்காக. இவுக டார்ச்சப் பிடிச்சிட்டு நிக்கிறாக, வாயே தொறக்கல.”

“சரியாகிருமாம்ல?”

“ஆகிருமாம்க்கா. அண்ணனுக்குக் காப்பி குடுத்தேன். வேலை முடியட்டும்னுட்டாக.” அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. “கொடுத்து வச்சவுகக்கா நீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு வண்டிகளும் மலையேறி, இரண்டும் பத்திரமாக இறங்கின. லோடு யாருக்குக் கிடைத்தது என்று நான் எழுதப் போவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது என்றால், சொன்னதற்குக் கூலி என்பீர்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்றால், தாமதமாகச் சொன்னதற்குத் தண்டனை என்பீர்கள். சுந்தரலிங்கம் இரண்டையும் எண்ணிப் பார்த்தவரில்லை. உதிர்ந்ததை நிறுத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் விட்டுப்போவது வேறு ஒன்றை. ஜெஸ்லின் கடைசியாகச் சொன்னது நன்றியா? அல்லது, டார்ச் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கும் தன் கணவரையும், வண்டிக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் என் கணவரின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தபடி சொன்னதா? அவள் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன இருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றிதான் என்று சொல்பவர்கள் நல்லவர்கள், சரியாகவும் இருக்கலாம்.

நான் அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.