இரண்டு நாள் என்று சொன்ன அம்மா

"ரெண்டு நாள்தான், ராசா" என்று சொல்லித்தான் சுலோச்சனா மகனை மிச்சம் என்ற ஊரிலிருந்த தங்கள் வீட்டிலிருந்து கூட்டிவந்தாள்.

கீர்த்தனனுக்கு முப்பத்திநான்கு வயது. கற்றல் குறைபாடு உள்ளவன். தலை வாரிவிடுவதிலிருந்து பஸ் ஏற்றுவது வரை எல்லாம் அம்மாதான். இப்போது அவளுக்கு இருதய ஆபரேஷன். அதன்பின் அவனைத் தனியாகப் பார்க்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஹெண்டன் என்ற ஊரில் ஒரு யூதத் தொண்டு நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்காக நடத்தும் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மதம் எது என்று அவர்கள் கேட்கவில்லை. பொறுப்பாளர் ஷெறோன் ஒன்றைத்தான் கேட்டாள்: "இனி இங்கேதான் இருக்கப்போகிறார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு விளங்கும்." சுலோச்சனா தலையாட்டினாள். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெள்ளி மாலை அந்த வீட்டில் யூதரின் ஓய்வுநாள் வழக்கப்படி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பின்னல்போல் முறுக்கிச் சுட்ட பாண் ரொட்டியில் முதல் துண்டு கீர்த்தனனுக்கு. அவன் கைதட்டிச் சிரித்தான்.

ஞாயிறு காலை தன் பையைத் தானே அடுக்கி, காலில் சப்பாத்தும் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அம்மா டாக்சியில் வந்து இறங்கினாள். பின்னாலேயே அவனுடைய ரீவிப் பெட்டியும் குளிர் உடுப்புகளும் இறங்கின.

"ஏன் என்ரை ரீவி?"

"இஞ்சை வைச்சுப் பாக்கலாம்..."

"ரெண்டு நாள் முடிஞ்சுது. வீட்டை போவம்."

"அம்மாவுக்கு ஏலாதப்பன். இனி இதுதான் உன்ரை வீடு."

அவன் கத்தவில்லை. சப்பாத்தைக் கழற்றினான். "பொய் சொல்லிப்போட்டீங்கள்" என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனையோ தடவை அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் வாங்கிப் பேசவேயில்லை.

ஏழு வாரங்களுக்குப் பிறகு நேரில் வந்து கதவைத் தட்டினாள். மகனின் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை.

"ஆர்?"

"அம்மா."

கதவைத் திறக்காமலே கேட்டான்: "எப்ப போவீங்கள்?"

"நாலு மணிக்கு."

"உண்மையாவோ?"

"ஓம். உண்மையா."

கதவு திறந்தது. தலையைத் தடவக் கை நீட்டினாள். அவன் விலகி உட்கார்ந்தான். தலையை அவனே வாரியிருந்தான், வகிடு கோணலாக.

நாலு மணிக்கு அவனே அவளுடைய கோட்டை எடுத்துவந்து நீட்டினான்.

"வாற ஞாயிறும் வரட்டே?"

"ஷெறோனைக் கேக்கோணும்" என்றான்.