மோட்டார் ஏறிய வெள்ளச்சி

பாகூர்த் தெருவில் மோட்டார் வந்து நின்றதும், காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் விளக்கைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் சக்கரத்தைத் தட்டி, "நம்ம மாட்டு வண்டி சக்கரத்துல பாதி கூட இல்லியே" என்று தீர்ப்புச் சொன்னார்.

தையலம்மாள் வாசற்படி இறங்கி வந்தாள். பத்தொன்பது வயதில் முதன்முதலாக மோட்டாரில் ஏறப்போகிறாள்! கணவன் நாகராஜனுக்கு வில்லியனூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர் வேலை. தனிக்குடித்தனம் போகத்தான் இந்த வாடகை மோட்டார்.

அவள் கையில் வெள்ளச்சி இருந்தது. கண் திறக்காத குட்டியாகக் கிணற்றடியில் கிடந்த பூனை. துணியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள்தான். அது வராத வீட்டுக்குத் தானும் வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள்.

"அம்மா, பூனைய மூடி போட்ட கூடையில வெச்சி எடுத்தாங்க. இந்த மோட்டாரு சத்தத்துக்கு எருமையே மெரண்டு ஓடுது" என்றார் டிரைவர் பச்சையப்பன்.

தையலம்மாளுக்குச் சுருக்கென்றது. பாகூரில் பூனையை அடைத்து எடுத்துப்போவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பால் திருடும் பூனையைச் சாக்கில் போட்டு, திசை தெரியாதபடி மூன்று சுற்றுச் சுற்றி, ஏரிக்கு அப்பால் அவிழ்த்து விடுவார்கள்.

"மூடி எடுத்துக்கினு போனா தொலைக்கப் போறன்னு ஊரே பேசும். அது என் மடியிலியே வரட்டும். எங்கிட்ட இருந்தா எங்கயும் போவாது."

"வுடுங்க டிரைவரே" என்று சிரித்தான் நாகராஜன். "எனக்கு எடம் இருக்குதான்னு மட்டும் கேட்டு சொல்லுங்க."

பச்சையப்பன் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். வண்டி இருமியது, குலுங்கியது, பிறகு உறுமியது. தெரு கைதட்டியது. அடுத்த நிமிடம் பனைமரங்கள் வரிசையாக எதிரே ஓடிவந்து பின்னால் விழத் தொடங்கின. கப்பலில் கடல் கடந்து போகும் சீமாட்டி தான்தான் என்று தோன்றியது தையலம்மாளுக்கு. மடியில் வெள்ளச்சியின் நகங்கள் புடவையைத் துளைத்துத் தொடையில் இறங்கியதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

ஊர் தாண்டி ஒரு திருப்பத்தில், கரும்பு வெட்டப்போகும் பெண்கள் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். பச்சையப்பன் ஊதுகுழலை அழுத்தினார். பாம்! பாம்!

வெள்ளச்சி வில்லிலிருந்து விடுபட்டதுபோல் பாய்ந்தது. முன்சீட்டைத் தாண்டி, அவர் காலடிக்குள் புகுந்தது.

"ஐயோ! பிரேக்குக்கு அடியில பூந்துக்கிச்சி! கால் வெக்க முடியல!"

பெண்கள் அலறினார்கள். பச்சையப்பன் முழு பலத்தோடு ஸ்டீரிங்கைத் திருப்பினார். மோட்டார் பாதையை விட்டு இறங்கி, அறுத்த கழனியில் வரப்புக்கு வரப்பு துள்ளி, சேற்றில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வெள்ளச்சி வெளியே குதித்து, பக்கத்தில் நின்ற கரும்புக் காட்டுக்குள் மறைந்துவிட்டது.

"வெள்ளச்சி!" தையலம்மாள் வெறுங்காலோடு ஓடினாள்.

கூட்டத்தின் முன்னால் வந்த பாகூர்க்காரி வேலம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும். "நல்லா கீதும்மா உங்க கூத்து! பூனைக்கு மோட்டாரு சவாரி, எங்களுக்குப் பாடையா?"

தையலம்மாள் மறுபடியும் பூனையின் பேரைச் சொல்லிக் கத்தினாள். கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் வேலம்மாளின் குரல் இறங்கியது. "சரி, கத்தாதீங்க. கத்தினா இன்னும் உள்ளாறதான் போவும். ஒக்காந்து மெதுவா கூப்புடுங்க."

ஆளுயரக் கரும்பு. உள்ளே நரிகளும் உண்டு. தையலம்மாள் வரப்பில் உட்கார்ந்து, பால் ஊட்டிய நாளில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள். வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்துக் கரும்புத் தோகை அசைந்தது. வாயைத் திறந்து இளைத்தபடி, வயிறு தரையில் உரச, வெள்ளச்சி ஊர்ந்து வந்தது. அள்ளி எடுத்தபோது அதன் இதயம் துடித்த வேகத்தில் தையலம்மாளின் உள்ளங்கையே அதிர்ந்தது. இத்தனை பயமா! பாதை நெடுகத் தான் பனைமரங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்?

"வேலம்மா, ஒன் சோத்துக் கூடைய குடுக்கறியா? நாளைக்கே திருப்பி அனுப்பிடறன்."

பின்னல் இடுக்கு வழியே காற்றுப் புகும் மூங்கில் கூடை. அடியில் தன் பழைய புடவையை மடித்துப் போட்டு, வெள்ளச்சியை உள்ளே வைத்து மூடினாள். பச்சையப்பன் அதைச் சீட்டுக்குக் கீழே ஆடாமல் கயிற்றால் கட்டினார். பெண்கள் குரல் கொடுத்துத் தள்ள, வண்டி பாதை ஏறியது. அந்த இருட்டு மூலைக்குள் பூனை சுருண்டு படுத்துக்கொண்டது.

அரியாங்குப்பத்தில் சோடா குடிக்க இறங்கலாம் என்றான் நாகராஜன். "இத்த வெயில்ல வண்டியிலியே வுட்டுட்டா போறது? மர நெழல்ல நிறுத்துங்க. நீங்க போயி வாங்கியாங்க, நான் இங்கியே இருக்கறன்" என்றாள் அவள்.

வில்லியனூரில் கூடையோடு இறங்கியதும் பக்கத்து வீட்டுக் காசம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா பொண்ணே, பூனையப் போயி அடைச்சி எடுத்தாந்திருக்க! பாவம் இல்லியா?"

"அப்டி நெனச்சிதாங்க்கா மடியில வெச்சிக்கினு கெளம்பனேன். ரோட்டுல போன பத்து உசுரு போவ இருந்துது. மடியில வெச்சா எனக்குதான் சந்தோசம், அதுக்கு பயம். வாயில்லாத சீவன மோட்டாருல இட்டாந்தா, காத்து போற கூடையில வெச்சி, ஆடாம கட்டிட்டுதான் வண்டிய எடுக்கணும். ஊரு இன்னா பேசினாலும் பேசட்டும். அதுதாங்க்கா பாசம்."

காசம்மாள் ஆவலோடு உள்ளே வந்து கூடை மூடியைத் தொட்டாள்.

"இருங்கக்கா" என்றாள் தையலம்மாள். "மொதல்ல கதவ சாத்துங்க."