முப்பது மில்லி

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், காலுக்குக் கீழே இருட்டுக் குழி வாயைப் பிளந்துகொண்டிருக்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிரீஸ் தடவுகிறவன். உனக்குப் பயமா என்று யாராவது கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அப்படிப்பட்டவனை ஒரு ஸ்பூன் பால் நடுங்க வைத்துவிட்டது. பயந்ததைத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு.

எங்கள் மகன் பிறந்தபோது எடை இரண்டு கிலோ நானூறு கிராம். பெயர் முடிவாகாததால் வண்டு என்று கூப்பிட்டோம். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"எடை கம்மியான குழந்தை இவன். பசிச்சா அழும், அப்ப பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. இவன் அழமாட்டான், அசந்து தூங்கிடுவான். ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் குடுக்கணும். அப்பா, காதுல விழுதா? எழுப்புறது உங்க வேலை."

கையில் ஒரு தாளையும் கொடுத்தார். கட்டம் கட்டமாக இருந்தது: நேரம், பால் எவ்வளவு, டயப்பர் ஈரமா, மலம் போனதா. கட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கட்டம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். எண்ணெய், பிரேக், கம்பி, கதவு என்று வாரா வாரம் பார்த்து 'சரி' போட வேண்டும். நாங்கள் மாதக் கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து நாலு வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டுவிடுவோம். ஒரே பேனா என்று தெரியாமலிருக்க நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று வைத்திருப்போம். கட்டம் காலியாக இருந்தால்தான் மேனேஜர் கத்துவார். நிரம்பியிருந்தால் ஏறிட்டும் பார்க்கமாட்டார். இத்தனை வருடத்தில் ஒரு லிஃப்டும் விழவில்லை, அதனால் இது ஒரு குற்றமாகவே எனக்குப் பட்டதில்லை.

வீட்டில் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நான் இரண்டு வாரம் லீவு போட்டேன். இரவெல்லாம் என் மனைவி எழுந்து எழுந்து தாய்ப்பால் கொடுப்பாள். காலை பத்து மணிக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வேளைக்கும் பாலைப் பிழிந்து இரண்டு கிண்ணத்தில் வைப்பாள். கிண்ணத்துக்கு முப்பது மில்லி. தையல் இழுக்கும், முதுகு வலிக்கும், சில நாள் கண்ணில் தண்ணீர் நிற்கும். அந்த இரண்டு வேளையும் நான் ஸ்பூனால் கொடுக்க வேண்டும், அவள் ஐந்து மணி வரை தூங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் பன்னிரண்டரை மணிக்கு வண்டுவை மடியில் படுக்கவைத்து ஸ்பூனை வாயில் சாய்த்தேன். இரண்டு ஸ்பூன் போனது. மூன்றாவதில் புரையேறியது. முகம் சிவந்து, உதடு கோணி, ஒரு கணம் சத்தமே வரவில்லை. தோளில் போட்டுத் தட்டினேன். இருமினான், மூச்சு வந்தது, அப்படியே தூங்கிப்போனான். எனக்குத்தான் மூச்சு வர வெகுநேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மிச்சப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பி மறுபடி ஊற்ற எனக்குக் கை வரவில்லை. உள்ளே அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பவும் மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது பாதிதான். எழுப்பினால், ஒரு ஸ்பூன் பால் கொடுக்கத் துப்பில்லாதவன் என்று தெரிந்துவிடும். பாலைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். தாளில் கட்டம் காலியாக இருந்தது. '12.30, 30 மில்லி' என்று எழுதினேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை, பழகின கை. மூன்று மணி வேளையும் இப்படியே போனது.

அவள் எழுந்ததும் முதலில் கேட்டது, "எல்லாத்தையும் குடிச்சானா?"

"ஒரு சொட்டு விடல."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பாருங்க, எனக்குப் பால் பத்தாதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

மறுநாள் சரியாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் இரண்டு ஸ்பூனில் அவன் இருமினான், நான் நிறுத்தினேன். டயப்பரும் முன்போல நனையவில்லை. அதையும் ஈரம் என்றே எழுதினேன். பால் போனதாக எழுதிவிட்டு ஈரம் இல்லை என்று எழுதினால் கணக்கு உதைக்குமே! இப்படி ஐந்து நாள். பிள்ளை சமர்த்தாகத் தூங்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அத்தனை கெட்டிக்காரன் இல்லை போலிருக்கிறது. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் அதே ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் எடை போட்டார்கள். இரண்டு கிலோ நூற்றைம்பது.

கண்ணாடி சிஸ்டர் தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அதே எண். டாக்டரம்மா என் தாளை எடுத்து விரலால் வரிவரியாகத் தடவினார். இவ்வளவு நேரம் எடுத்து அந்தத் தாளை யாராவது படிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை குடிக்கிறான், எட்டு தடவை ஈரம். அப்படின்னா எடை ஏறியிருக்கணுமே. குடிச்சும் இறங்குதுன்னா உள்ள ஏதோ கோளாறு இருக்கலாம். அட்மிட் பண்ணுங்க. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம், இதயத்தையும் ஒரு ஸ்கேன் பண்ணிடலாம்."

என் மனைவி எழுந்து நின்றாள். "என் பால்ல சத்து இல்லையா டாக்டர்? நான் சரியாச் சாப்பிடலையா? ராத்திரி ரெண்டு தடவை அசந்துட்டேன், அதனாலயா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னது. என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அடைத்துக்கொண்டது. அவள் தன் மேல் பழியை ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் டயப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று இருக்கும்போதே பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

வண்டுவின் கை என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சிஸ்டர் நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினார். கிடைக்கவில்லை. அவன் அழுத அழுகை ஒரு பூனைக்குட்டியின் சத்தம்கூட இல்லை, அழவும் தெம்பில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "சாமி, என்னால, எல்லாம் என்னால" என்றாள். சிஸ்டர் அடுத்த கையைத் தட்டத் தொடங்கினார்.

"குத்தாதீங்க சிஸ்டர்."

"எடுத்துத்தான் ஆகணும் சார். பாக்க முடியலன்னா வெளிய நில்லுங்க."

"அந்தத் தாள் பொய். அவன் குடிக்கல. மத்தியானம் ரெண்டு வேளையும் குடிக்கல. அஞ்சு நாளா. புரையேறிச்சு, பயந்துட்டேன். பாலைத் தொட்டியில கொட்டிட்டு நானே எழுதினேன். ஈரமும் நானே எழுதினதுதான்."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"அங்கயும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

நான் தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தேன்.

"நான் தினமும் அதுல ஏறித்தான் சார் மாடிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார்.

முதல் குத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அந்த ஒரு குத்தாவது மிச்சமாகியிருக்கும். அந்த நீலப் புள்ளி நாலு நாள் கையில் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படித்திருக்கிறேன். ஏட்டுப் பால் பிள்ளையின் வயிற்றுக்கு உதவாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டுவைப் பரிசோதித்துவிட்டு, ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம், ஒரு நாள் இங்கேயே வைத்து ஊட்டிப் பார்ப்போம் என்றார். சிஸ்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். போர்வையை எடுத்துவிட்டு உள்ளங்காலைத் தேய்த்து எழுப்ப வேண்டும். படுக்கவைத்து ஊற்றக் கூடாது. நிமிர்த்தி, கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஸ்பூனை உதட்டில் வைத்தால் போதும், அவனே உறிஞ்சுவான். இருமினால் நிறுத்தி, அடங்கினதும் மறுபடி கொடுக்க வேண்டும். முப்பது மில்லிக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

என் மனைவி அதுவரை என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் கேட்டாள். குரல் ஏறவில்லை.

"பயமா இருந்துச்சு, சரி. எனக்கும்தான் பயம். அங்க நான் அழுதப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் கழிச்சுச் சொன்னீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து நாளை அவள் கணக்கில் எடுத்த மாதிரியே தெரியவில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் அவளுக்குள் தைத்திருந்தது.

மூன்று நாள் கழித்து எடை நூற்றுப் பத்து கிராம் ஏறியிருந்தது. சிஸ்டர் என் முதுகில் தட்டி, "அப்பாவுக்குக் கை வந்துடுச்சு" என்றார். என் மனைவியும் சிரித்தாள், சிஸ்டரைப் பார்த்து.

அன்று வீட்டுக்கு வந்து அவள் பாலைப் பிழிந்து வைத்தாள். பன்னிரண்டரைக்கு வண்டுவை எழுப்பி மடியில் நிமிர்த்திக்கொண்டேன். அவள் எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீ போய்த் தூங்கு. நான் பாத்துக்கறேன்."

"தூக்கம் வரல" என்றாள். சொல்லும்போதே இமை தானாக மூடிக்கொண்டது.

பத்தாவது ஸ்பூனில் அவள் தலை சரிந்து சுவரில் மோதியது. திடுக்கிட்டு விழித்தாள்.

"எவ்வளவு குடிச்சான்?"

"பாதி ஆச்சு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலை ஊன்றி நகர்ந்து வந்து, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.