நடுக்களத்துக் கல்

பேஸ்பால் ஆட்டம் தொடங்குமுன், அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டைச் சுற்றி நின்று மைதானத்தின் விதிகளைச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மற்ற ஊர்களில் அதை உள்ளூர் அணியின் மேலாளர் சொல்வார். எங்கள் ஊரில் மேலாளர் ஃபின்னர்ட்டி முதல் இரண்டு விதிகளை மட்டும் சொல்வார். இடப்பக்கம், சுரங்கக் கழிவு கொட்டிக் கொட்டி எழுந்த மேட்டில் பந்து ஏறினால் ஆட்டம் தொடரும். வலப்பக்கம், கொட்டகைக் கூரையில் பந்து தங்கிவிட்டால் அடித்தவன் இரண்டு பேஸ் முன்னேறலாம். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரடி பின்னால் போய்விடுவார். மூன்றாவது விதியைச் சொல்ல நான் முன்னால் வருவேன்.

"நடுக்களத்துல ஒரு கல்லு இருக்கு. கல்லுல பட்டாலும் சரி, கல்லுக்குப் பின்னால போனாலும் சரி, பந்து ஆட்டத்துலதான் இருக்கு. கையத் தூக்கி நிறுத்தச் சொல்லக் கூடாது."

அம்பயர் ஸ்டோபர் எப்போதும் அதே கேள்வியைக் கேட்பார். "உங்க தம்பி இன்னைக்கு எந்தப் பக்கம் ஆடறார், மிஸ்டர் ஹுடாக்?"

"ரெண்டு பக்கமும்" என்பேன்.

அதற்குமேல் அந்த இடத்தில் யாரும் சிரிக்க நான் விட்டதில்லை.

கல் என் தம்பி ஒந்த்ரேயினுடையது. கொரியப் போரிலிருந்து அவன் உடல் வரவில்லை. பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார். ஆள் இல்லாத குழிக்கு மேல் பெயரை எழுதி வைப்பது பொய் என்று நான் மறுத்துவிட்டேன். அவன் நின்ற இடம் எது என்று இந்த ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில், காதோரத்துச் சுரங்கக் கரி கழுவியும் போகாத முகத்தோடு, நடுக்களத்தின் ஆழத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அங்கேதான் கல்லை வைத்தோம். இடுப்பளவு உயரம், சரிந்த மேல்முகம், அதில் பெயர் பொறித்த வெண்கலத் தகடு. என் தாய் சுற்றிலும் ஜெரேனியம் பூச்செடிகள் நட்டாள்.

அப்போது வேலி கிடையாது. பின்னால் சுரங்கத்துக் கறுப்புத் தண்ணீர் ஓடும் ஓடைதான் எல்லை. பிறகு போட்டிகளை நடத்தும் லீக்காரர்கள் வேலி கட்டியே ஆக வேண்டும் என்றார்கள். வேலிக்காரர்கள் கல்லுக்கு முன்னால் கயிறு பிடித்தார்கள். கல் வெளியே, ஓடைக்கரையில் போய்விடும். நான் கயிற்றின் மேல் போய் நின்றேன். என் தம்பி களத்துக்கு உள்ளே நின்றவன். உள்ளேதான் நிற்பான் என்றேன். கடைசியில் கல்லுக்குப் பின்னால், ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு சந்து விட்டு வேலி எழுந்தது. அந்தச் சந்துக்குள் போன பந்துகள் எத்தனையோ ஆட்டங்களை மாற்றியிருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் பூவை மிதித்துக்கொண்டு போய் எடுப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் பாத்தியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். யாரும் கட்டளை போடவில்லை. சுற்றிப் போகும் நேரத்தில் எதிரிக்கு ஓர் ஓட்டம் கூடுதலாகப் போகும் என்று தெரிந்தும் சுற்றிப் போனார்கள். அந்த மரியாதையில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு.

ஒந்த்ரே புறப்பட்டபோது அவன் மனைவி வெரோனிகா கர்ப்பமாக இருந்தாள். பிறந்தவன் மிலன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவனுக்குச் செருப்பு வாங்கியது முதல் பள்ளியில் கையெழுத்துப் போட்டதுவரை நான்தான். வளர்ந்ததும் அவனை ஃபின்னர்ட்டி நடுக்களத்தில் நிறுத்தியபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தகப்பன் கல்லாக நிற்க, மகன் அதற்கு முன்னால் நின்றான்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு வெளியூர்ப் பையன் பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடிவந்து கல்லில் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் கோட்டும் தொப்பியும் அணிந்து மருத்துவமனைக்குப் போனேன். அது எங்கள் குடும்பத்தின் கடமை.

"கல்லு மேல எனக்குக் கோபம் இல்ல, சார்" என்றான் அந்தப் பையன். "ஆனா அது ஏன் அங்க இருக்கு?"

சொன்னேன். மருந்து மயக்கத்தில் பாதிதான் கேட்டான்.

அதற்குப் பிறகு, கல்லை எடுக்கச் சொல்லி லீக்கிலிருந்து ஆள் வந்தது. மைதானம் எங்கள் கோயிலுக்குச் சொந்தம். ஹுடாக் குடும்பம் சம்மதிக்காமல் கல்லைத் தொட மாட்டேன் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். ஆகவே முடிவு என் வாயில் இருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை மிலன் வந்தான். ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வந்த சீருடையைக்கூட மாற்றவில்லை. பின்னாலேயே வெரோனிகா, முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் போட்ட சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, கல்ல வேலிக்கு வெளிய வெச்சிடலாம்" என்றான் மிலன்.

"யார் சொல்லிக் கொடுத்தா? ஃபின்னர்ட்டியா?"

"யாரும் சொல்லல. என் காலு தானா நின்னுடுது. பந்து தலைக்கு மேல போறப்போ, நான் திரும்பி ஓடறேன். கல்லு எங்க இருக்குன்னு முதுகுக்குத் தெரியுது. பாதி தூரத்துலயே ஓட்டம் குறைஞ்சுபோகுது. பிடிக்க வேண்டிய பந்த எல்லாம் விட்டுட்டு நிக்கிறேன்."

"உங்கப்பன் ஓட்டத்தக் குறைச்சவன் இல்ல."

"அவருக்குப் பின்னால கல்லு இல்லையே, பெரியப்பா."

எனக்குச் சுருக்கென்றது. "அது உங்கப்பன் நின்ன இடம்டா. அதுல நிக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

"அவர் நின்ன இடத்துல அவரே நிக்கிறாரு. நான் எங்க நிக்கிறது?"

வெரோனிகா சட்டியை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தாமல் பேசுகிறவள் அவள். "அத்தான், அந்தத் தகட்டுல பேர் இருக்கிற ஆளு எனக்குப் புருஷன். என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"எப்போ?"

"எப்பவாவது."

மிலனிடம் மட்டும் சொன்னேன்: "நான் இருக்கிறவரைக்கும் கல்லு நகராது. பயமா இருந்தா ஃபின்னர்ட்டிகிட்ட சொல்லி வேற இடத்துல நில்லு."

அவன் முகம் சிவந்தது. "பயம்னு சொன்னேனா நான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். வெரோனிகா சட்டியை விட்டுவிட்டுப் போனாள். அன்று நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் ஊர் முழுக்க மைதானத்தில் இருந்தது. எதிரணி, மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. நான் விதியைச் சொன்னேன். அவர்களுடைய மேலாளர் கல் இருக்கும் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அவரையும் ஆட்டக்காரங்க பட்டியல்ல சேர்த்துட்டீங்களா? பத்து பேரா இறங்குறீங்களே!"

"ஒன்பது பேரையே உங்களால சமாளிக்க முடியாது" என்றார் ஃபின்னர்ட்டி. ஸ்டோபர் பிளேட்டைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் ஓர் ஓட்டக்காரன். இன்னும் ஓர் ஆள் விழுந்தால் கோப்பை எங்களுக்கு. அவர்களில் தடித்த ஒருவன் அடித்த பந்து நடுக்களத்துக்கு மேலே போயிற்று. மிலன் திரும்பி ஓடினான். ஓட்டம் குறைகிறதா என்று மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. ஆனால் பந்து அவன் கைக்கு எட்டாமல் விழுந்து, எகிறி, வேலியில் பட்டு, கல்லுக்குப் பின்னால் சந்துக்குள் போயிற்று.

முதல் பேஸில் இருந்தவன் இரண்டாவதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். மிலன் பாத்தியைச் சுற்றிப் போனால் அந்த ஓட்டக்காரன் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுவான். இருபக்கமும் சமமாகிவிடும். அது எனக்குத் தெரியும். மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மிலன் சுற்றிப் போகவில்லை. ஓடிய வேகத்திலேயே ஒரு கால் பூவுக்குள் விழுந்தது. மறுகால் கல்லின் மேல். ஆணி வைத்த பூட்ஸ், தகட்டின் மேல். அதை ஊன்றி எழும்பி, கல்லைத் தாண்டி, சந்துக்குள் குதித்து, பந்தை எடுத்து, திரும்பி அதே கல்லில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு எறிந்தான். நடுவில் நின்றவன் வாங்கி ஹோம் பிளேட்டுக்கு எறிந்தான். புழுதி எழுந்தது. ஸ்டோபரின் கை மேலே போயிற்று. அவுட்.

இளைஞர்கள் வேலியைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். பெரியவர்களின் வரிசையில் கைதட்டல் எழுந்து, பிறகு ஒவ்வொருவராக நின்றுபோயிற்று. என் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு களத்துக்குள் நடந்தேன். கூட்டம் வழிவிட்டது. மிலன் இன்னும் கல்லருகில்தான் நின்றிருந்தான். ஜெரேனியம் நசுங்கிய வாடை வந்தது. தகட்டில், என் தம்பியின் பெயருக்குக் குறுக்கே, இரண்டு கீறல்கள். புதிய வெண்கலம் மஞ்சளாக மின்னியது.

"எங்க கால வெச்சன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும், பெரியப்பா."

"ஊரே சுத்திப் போகுது. ஊர்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் மிதிச்சதில்ல. நீ மிதிக்கிற. அவனுக்குப் பொறந்த நீ!"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை. முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது.

"எல்லாப் பசங்களும் அப்பா தோள்ல ஏறியிருப்பாங்க, பெரியப்பா" என்றான். "நான் இன்னைக்குத்தான் ஏறினேன்."

சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஹுடாக் குடும்பத்தின் மூத்தவன். அத்தனை பேர் முன்னால், கீறிய தகட்டின் முன்னால், எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"இனிமே இந்தக் கல்லுகிட்ட வராத."

அவன் என்னையே பார்த்தான். நான் சொல்லை மாற்றுவேனா என்று காத்திருந்தான்போல. ஃபின்னர்ட்டிகூட "மிஸ்டர் ஹுடாக், பையன் ஜெயிச்சுக் கொடுத்திருக்கான்…" என்று ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மிலன் தொப்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தான். பிறகு அது அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, எடுத்துக்கொண்டு நடந்தான்.

கல்லுக்குக் கிட்ட வராதே என்றால் நடுக்களத்தில் நிற்காதே என்றுதான் பொருள். அவன் அதற்கும் மேலே எடுத்துக்கொண்டான். இலை உதிருமுன் ஈரி ஏரிக்கரையில் இரும்பாலை வேலைக்குப் போய்விட்டான். வெரோனிகாவும் கூடப் போனாள். வண்டியில் சாமான் ஏற்றிய அன்று என் வாசலுக்கு வந்து, துடைத்த சட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்குங்க, அத்தான்" என்றாள். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் அதன் பிறகு சத்தம் இல்லை.

அடுத்த பருவத்திலும் நான் பிளேட்டுக்கு வந்து விதியைச் சொன்னேன். ஸ்டோபர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நடுக்களத்தில் நிறுத்திய புதுப்பையன் கல்லுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடுவான். பூவை யாரும் மிதிக்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் கடைசி இடம்.

பிறகு லீக்காரர்கள் நேராகவே கேட்டார்கள்: கல் போக வேண்டும், இல்லையென்றால் அணி போக வேண்டும். பாதிரியார் என் சமையலறையில் உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"மிலனுக்கு ஒரு வார்த்த எழுதிக் கேட்கலாமே" என்றார்.

"அவன் கேட்டதுதான் இது, ஃபாதர். அன்னைக்கே பதில் சொல்லிட்டேன்."

கல் நகரவில்லை. ஆட்டம்தான் நகர்ந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் புது மைதானம் போட்டார்கள். மேடு இல்லை, கூரை இல்லை, வேலி வளைந்து ஒரே சீராகப் போகிறது. அங்கே சொல்ல விதி எதுவும் இல்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பழைய களத்தில் இப்போது புல் முழங்கால் வரை. கல்லைச் சுற்றி மட்டும் நான் வெட்டி வைத்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பியதில் கல் ஓடைப்பக்கம் சாய்ந்துவிட்டது. பனி விட்டதும் நகரத்திலிருந்து கல்லறை வேலைக்காரர் ஒருவரை அழைத்துவந்தேன். கடப்பாரை போட்டு நிமிர்த்தி, அடியில் ஜல்லி இடித்தார். வேலை முடிந்ததும் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். கீறல்கள் அதற்குள் கறுத்து எழுத்துகளின் நிறத்துக்கே வந்திருந்தன.

"இத மெஷின் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாங்க. சின்ன வேலதான், காசுகூட வேணாம்."

"அது இருக்கட்டும்."

"பேர் மேலயே விழுந்திருக்கே. எவனோ வேணும்னே கீறியிருக்கான். யாருன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "அந்தப் பேருக்கு உரியவனோட மகன்."