பத்தொன்பது வேலை நாட்கள்

நாகேஸ்வரனின் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததே கம்பெனியில் புது லேப்டாப்புகள் வந்த பிறகுதான்.

அதற்கு முன் பதினாறு வருடம் அந்த அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஆரியசாலையில் ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. அவர் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். மாடிப்படிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. சர்வர் சூடாகாமல் இருக்க எந்நேரமும் ஏசி ஓடும். யாருக்காவது நெட் வரவில்லை என்றால் போனில் கூப்பிடுவார்கள், அவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்துவிடுவார். சில நாட்கள் காலையில் வாட்ச்மேனிடம் சொன்ன ஒரு வார்த்தையோடு மாலை வரை போய்விடும். கோட்டைக்குள் மேற்குத் தெருவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டிலும் பேச யாருமில்லை. இருபத்திரண்டு வருடம் முன்பு நடந்த கல்யாணம் பதினொரு மாதத்தில் முடிந்துபோயிருந்தது.

புது லேப்டாப்புகளில் எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. கம்பெனியின் உயிரே அந்தப் பழைய புரோகிராமில்தான் இருந்தது. எந்த பிளாட்டில் எந்த லிஃப்ட், எப்போது கயிறு மாற்றினார்கள், கதவு மோட்டார் எந்த வகை, எல்லாம் அதற்குள். எழுதிக்கொடுத்தவர் எப்போதோ கனடா போய்விட்டார். அது பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதிலும், ஆள்காட்டி விரலின் நுனி அளவில் நீல நிறத்தில் ஒரு யுஎஸ்பி சாவி உண்டு. அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்தால்தான் புரோகிராம் வாயையே திறக்கும். ஆகவே பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றை மட்டும் எறியாமல் நாகேஸ்வரனின் அறையில் போட்டார்கள். சாவி ஒன்றில் இருந்தால் கேபிளில் பிணைத்த மற்ற இரண்டிலும் புரோகிராம் ஓடும். யாருக்கு எந்த லிஃப்டின் விவரம் வேண்டுமென்றாலும் அங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

வந்தார்கள். கம்ப்ளெயின்ட் போன் எடுக்கும் பிஜு காலையிலேயே வந்து உட்கார்ந்தால் ஏசியை விட்டுப் போகமாட்டான். மெக்கானிக்குகளுக்கு வேலைச் சீட்டு போடும் லிபி நாள் முழுக்க அங்கேயேதான். ஸ்டோரிலிருந்து வேலப்பன் அண்ணன் வருவார். பதினொரு மணிச் சாயா அந்த அறைக்கு வந்துவிடும். கவடியாரில் எந்த வக்கீல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அவனைத் திட்டினார் என்று பிஜு நடித்துக் காட்டுவான். லிபி டப்பாவைத் திறந்தால் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் வாசம் எடுக்கும்.

லிபி பாறசாலைப் பக்கத்துக்காரி, விதுராவில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருவாள். நாகேஸ்வரனோடு தமிழில் பேசுவாள். அவர் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள்.

"சாரே, சாப்பிட்டியளா?"

"ஆச்சு. நீங்க?"

"‘ஆச்சு’ன்னா என்ன ஆச்சு? ஒரு வார்த்தைல முடிச்சா எப்பிடி? என்ன குழம்புன்னு சொல்லணும்."

நேற்றைய மோர்க்குழம்பு என்று அவர் சொல்லுவார். இருபது வருடத்தில் அவரிடம் யாரும் என்ன குழம்பு என்று கேட்டதில்லை.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு மேனேஜர் மஹேஷ் அவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். புது சர்வர் ஒன்று வரும். அதற்குள்ளேயே பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல நாகேஸ்வரன் அமைக்க வேண்டும். யார் எங்கேயிருந்து வேண்டுமானாலும் தங்கள் லேப்டாப்பில் ஒரு ஜன்னலைத் திறந்தால் அந்தப் பழைய திரை அப்படியே வந்து நிற்கும். புரோகிராம் சர்வரில் ஓடும், ஆள் வீட்டில் இருக்கலாம். சீக்கிரம் வேண்டும், ஒருவருக்கு அவசரம் என்றார் மஹேஷ். யாருக்கு என்று நாகேஸ்வரன் கேட்கவில்லை.

சர்வர் வந்தது. பன்னிரண்டையும் அமைத்தார். பழைய விண்டோஸ் அதற்குள் சமர்த்தாக ஓடியது. நீலச் சாவிதான் தகராறு. இல்லாத கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் ஏது? எதில் செருகுவது? நெட்வொர்க் வழியாகச் சாவியைப் பகிரும் ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும் என்று அறிந்து வரவழைத்தார். எட்டாம் தேதி, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பழைய கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து சாவியை உருவிப் பெட்டியில் செருகினார். தன் லேப்டாப்பில் ஜன்னலைத் திறந்தார். ஆறு நொடி. பச்சை எழுத்தில் புரோகிராம் பெயர் வந்து, லிஃப்டுகளின் பட்டியல் விரிந்தது.

அவருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினார். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றின் மேல் லிபியின் குடை. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழையபடி பழைய கம்ப்யூட்டரிலேயே செருகிவிட்டார்.

இரண்டு நாள் போகட்டும் என்றுதான் நினைத்தார். மஹேஷ் கேட்டபோது, "சாவியை ஏத்துக்க மாட்டேங்கறது சார், பாத்துண்டிருக்கேன்" என்றார். அது அத்தனை எளிதாக வாயில் வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் சொல்லவே தேவைப்படவில்லை, மஹேஷே, "சாவி சரியாயில்லை, அல்லே?" என்று கேட்டுப் போய்விட்டார்.

அந்த நாட்களில் லிபி நின்றுகொண்டே டைப் அடித்தாள். இரண்டு பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கீபோர்டை அதன்மேல் வைத்துக்கொள்வாள்.

"என்ன லிபி, பரீட்சை ஹாலா? வாத்தியார் மாதிரி நிக்கறேளே" என்று நாகேஸ்வரன் கேட்டார்.

"ஆமா சாரே. பிஜு காப்பியடிக்கான், பாக்கணும்லா" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவள் வரவில்லை. பதினொரு மணிக்குச் சாயா வந்தும் பிஜு கதை எதுவும் சொல்லவில்லை.

"லிபி லீவா?" என்று நாகேஸ்வரன் கேட்டார்.

"சார் அறிஞ்ஞில்லே?" பிஜு தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினான். "நெடுமங்காடு ஸ்டாண்டில பஸ்ஸிலேர்ந்து இறங்க முடியலை. ரெண்டு பேர் தூக்கி இறக்கினாங்க. ஆஸ்பத்திரி கொண்டுபோயிட்டு, இப்ப வீட்டில கிடக்கா. டிஸ்க் தள்ளியிருக்கு. பஸ்ஸில போகக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு மாசம் முன்னேயே எழுதிக் கொடுத்தாச்சு. மஹேஷ் சாரும் ஓகே சொன்னார். உங்க இந்த சாதனம் சரியானா அன்னைக்கே வீட்டிலிருந்து பார்க்கலாம்னுதான் அவ காத்திருந்தது."

நாகேஸ்வரன் காலண்டரைப் பார்த்தார். எட்டாம் தேதியிலிருந்து ஞாயிறும் விடுமுறையும் தள்ளி எண்ணினார். பத்தொன்பது.

பிஜு சாயா கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அவர் எழுந்து நீலச் சாவியை உருவினார். பிஜுவின் திரையில் புரோகிராம் நின்றுபோனது. "சாரே!" என்றான். அவர் திரும்பிப் பார்க்காமல் பெட்டியில் செருகினார். பன்னிரண்டு பேருடைய பெயரிலும் ஜன்னலைத் திறந்துவிட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை லிபிக்கான லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விதுரா பஸ்ஸில் ஏறினார். கிடைத்தது கடைசி வரிசை சீட். நெடுமங்காடு தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்திலும் இடுப்பு எலும்பு வரை அதிர்ந்தது. லிபியிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் குற்றம் சாவி மேலேயே போய் விழுந்தது.

சரிவில் படி ஏறிப் போக வேண்டிய வீடு. லிபியின் கணவன் சுமந்த் கதவைத் திறந்தான். பொன்முடிக்கு ஜீப் ஓட்டுகிறவன். சவாரி காத்திருக்கிறது என்று சொல்லி, உள்ளே கைகாட்டிவிட்டு இறங்கிப் போனான். லிபி மெத்தையில்லாத பலகைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"சாரா? எதுக்கு இவ்வளவு தூரம்? கொரியர்ல அனுப்பியிருக்கலாமே." எழப் பார்த்தாள், முடியவில்லை.

"எழுந்துக்காதீங்கோ."

கட்டிலோரம் ஸ்டூலை இழுத்து லேப்டாப்பை வைத்து, படுத்தபடியே பார்க்கும்படி சாய்த்தார். ஜன்னலைத் திறந்தார். பச்சை எழுத்து வந்தது. லிபி ஒரு கையை நீட்டி, வேலைச் சீட்டு ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஐயோ, அப்படியே இருக்கே! நல்லா செஞ்சியள் சாரே. நேத்தைக்குத்தான் சரியாச்சாம்லா? பிஜு சொன்னான்."

"இல்லை லிபி. போன மாசம் எட்டாம் தேதியே சரியாயிடுத்து."

அவள் கை கீபோர்டிலேயே நின்றது. "பின்னே? மஹேஷ் சார் நிப்பாட்டி வச்சாரா?"

"அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லலை."

"எதுக்கு?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "இது வந்துடுத்துன்னா நீங்க யாரும் அந்த ரூமுக்கு வரமாட்டேள்னு தோணித்து" என்றார்.

லிபி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் முடியாது. வெளியே ஒரு ஜீப் கியர் மாற்றி ஏறிப் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"நான் நின்னு டைப் அடிச்சதப் பாத்தியள்லா?"

"பாத்தேன். என்னன்னு கேக்கலை."

"கேட்டியள். வாத்தியார் மாதிரி நிக்கேன்னு கேட்டியள். நானும் சிரிச்சேன்." குரல் உயரவில்லை. "எனக்கும் அங்க வர இஷ்டம்தான் சாரே. வீட்டில கிடந்தா பகல்ல எனக்கும் யாரு இருக்கா? அவரு ஜீப்பில, பிள்ளை நர்சரில. சிரிக்க எனக்கும் பிடிக்கும். ஆனா, அதுக்கு எனக்க முதுகா?"

அவர் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"சாயா போட்டுத்தர எனக்கு எந்திரிக்க வய்யா. நீங்க போங்க. பன்னெண்டரை பஸ் கிடைக்கும்."

அவர் இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பன்னிரண்டரை பஸ் அவர் கண்ணெதிரேதான் போனது. ஏற மனம் வரவில்லை.

திங்கட்கிழமை மஹேஷிடமும் சொன்னார். மஹேஷ் பாதிதான் கேட்டார். "சாரமில்லை சாரே, இப்போ ஓடுதல்லோ" என்று பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பேசப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாகேஸ்வரனுக்குப் பட்டது.

அந்த மாதமே அறை காலியாயிற்று. பிஜுவுக்கு முதல் மாடியில் ஜன்னலோரம் மேஜை கிடைத்தது. வேலப்பன் அண்ணன் ஸ்டோரிலிருந்தே பார்த்துக்கொண்டார். பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றையும் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப்போனார். சாயா இப்போது மேலே போனது. படியேறிப் போனால் பிஜு ஒரு கிளாஸ் நீட்டுவான். இரண்டு நாள் போனார். மேலே எல்லோரும் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடி குடித்துவிட்டு இறங்கினார். மூன்றாம் நாள் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் மஹேஷ் சொன்னார்: சர்வரை வீட்டிலிருந்தே கவனிக்கலாமே, நீங்களும் தினமும் வர வேண்டிய அவசியமில்லை. வாரம் ஒரு நாள் போதும் என்றார். உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார். நாகேஸ்வரன் வீட்டு முன்னறையில் மேஜை போட்டுக்கொண்டார். திரையில் பன்னிரண்டு பெயர்கள். உள்ளே வந்தவர்களின் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி. லிபியின் புள்ளி காலை ஒன்பதுக்கு எரியும், ஐந்தரைக்கு அணையும். முதுகு தேறிவிட்டது என்று பிஜு சொன்னான். ஆனாலும் அவள் ஆபீஸுக்கு வர வேண்டிய தேவை இப்போது இல்லை. பிரிண்டர் ஓடவில்லை என்றால் மற்றவர்களைப் போலவே ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போடுவாள். அவர் சரிசெய்து, ஆயிற்று என்று ஒரு வரி எழுதுவார்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் பகலில் போன் அடித்தது. லிபி. அவளுடைய ஜன்னல் உறைந்துபோயிருந்தது. மெக்கானிக் ஒருவன் பட்டம் பக்கத்து பிளாட் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு விவரத்துக்குக் காத்திருக்கிறானாம்.

"ஒரு நிமிஷம்" என்றார். அவள் திரையைத் தன் பக்கம் எடுத்து, உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மறுபடி தொடங்கினார். பச்சை எழுத்து வந்தது.

"வந்தாச்சு சாரே."

"சரி. வைங்கோ."

அவள் வைக்கவில்லை. தட்டச்சுச் சத்தம் கேட்டது. மெக்கானிக்குக்கு விவரம் அனுப்புகிறாள். அது முடிந்ததும் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நான் பேசினது சரிதான்" என்றாள். "அதை மாத்திச் சொல்ல நான் கூப்பிடல்ல."

"மாத்த வேண்டாம்."

"ஆனா சாரே, நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதை மட்டும் சொல்லணும்னு இருந்துச்சு." பிறகு, "வைக்கேன். பிள்ளை நர்சரில இருந்து வர நேரம்."

போனை மேஜையில் வைத்தார். திரையில் அவள் பெயருக்கு எதிரே புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பக் கூப்பிடமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. கூப்பிட வேண்டிய காரியம் எதுவும் இல்லாதபடி அவர்தான் எல்லாவற்றையும் சரியாக வைத்திருக்கிறாரே.

மணி பார்த்தபோது இரண்டாகியிருந்தது. இன்னும் சாப்பிடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தார். ஹோட்டலில் கூட்டம். நாலு பேர் உட்காரும் ஒரு மேஜையில் மூன்று பேர் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கவுண்டர் வரை போனார். பிறகு திரும்பி வந்து, நாலாவது நாற்காலியை இழுத்தார்.

"ஆளுண்டோ?" என்று கேட்டார்.

"இல்லை, இருங்க" என்றார் அதில் ஒருவர், தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு.