அப்பாவின் அண்ணன்

"அப்பா, எழுந்திரிங்க. அந்த நாற்காலி ஒண்ணுதான் பாக்கி. லாரிக்காரர் கயிறு போடணுமாம்."

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லாருக்கும் கண்டக்டர்தான், அசையவில்லை. கைகளை மடியில் கோத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக வீட்டில் இதுதான் நடக்கிறது. அப்பா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவர் ஒரே பிடிவாதமாக இருந்தார்.

"சரி சரி. பெரியப்பா, எழுந்திரிங்க."

அதற்கும் அசையவில்லை. விளையாட ஒரு நேரம் காலம் இல்லையா என்று தோளைத் தொட்டாள். தொட்ட தோள் அவள் பக்கமாகவே சாய்ந்து வந்தது. ஓடுகிற பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே தூங்கிப் பழகிய மனிதர் அவர். ஒரு நாளும் யார்மேலும் சாய்ந்ததில்லை.

அவள் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் உள்ளே ஓடிவந்தார். பெரியவரின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். உட்கார அந்த வீட்டில் எதுவும் இல்லை. எல்லாம் லாரியில் இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். "தூக்கத்துலயே போயிருக்கார். வலி தெரிஞ்சிருக்காது" என்றார். மாரடைப்பு என்ற சொல் அவளுக்குப் புதிதில்லை. அப்பாவை அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பில் சாகடித்திருந்தார்கள்.

சாகடித்தது அவள் கணவன். அவன் போன மாதமே புது ஊருக்குப் போய்க் கிடங்கு வேலையில் சேர்ந்துவிட்டான். நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீடு தேடி அலைந்தான். இங்கே கொடுக்கிற வாடகையில் பாதிக்கு அங்கே மாடி வீடு கிடைக்கும். கிளம்புவதற்கு வேறு காரணம் கிடையாது. கடலோரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்ததும் இதே மலிவைத் தேடித்தான். வந்து சேர்ந்த கையோடு இங்கேயும் விலை ஏறிவிட்டது. "நாம காலடி வச்சா ஊர்ல வாடகை ஏறும். ராசியான குடும்பம்" என்பார் கண்டக்டர்.

அலைந்ததற்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா ஒரு நிபந்தனை போட்டாள். வயசானவர்கள் இருக்கக் கூடாது. முன்பு குடியிருந்தவர்களின் பெரியவர் படுக்கையில் விழுந்து வருஷக்கணக்கில் கிடந்தாராம். காலி பண்ணச் சொல்லவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தன்னைப் பெற்றவர்கள் இல்லை என்று அவன் சொன்னதும், "உங்க பொண்டாட்டியைப் பெத்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். அவனுக்குப் பின்னால் வீடு கேட்டு இன்னொருத்தன் நின்றுகொண்டிருந்தான். அத்தை போனது நிஜம். அதோடு சேர்த்து மாமாவும் போய்விட்டார் என்று வாயில் வந்துவிட்டது. எப்படி என்று அவள் கேட்க, மாரடைப்பு என்றும் சொல்லிவிட்டான்.

இதை மாமனாரிடம் சொல்ல அவனுக்கு இரண்டு நாள் ஆனது. போனில் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டுக் கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீங்க ஒரே பொய்யில ஒரு வீடு பிடிச்சுட்டீங்களே மாப்ள, லாபம்தான்."

யோசனையும் அவரே சொன்னார். அவர் செத்துவிட்டார், சரி. அவருடைய அண்ணன் சாகவில்லையே. லாரியோடு போய் இறங்கி, ஒரு வாரம் மாப்பிள்ளையின் பழைய அறையில் படுத்துக்கொள்வது. பிறகு ஒரு பையோடு வந்து கதவைத் தட்டுவது. பிள்ளைகுட்டி இல்லாத பெரியப்பா, தம்பி மகளைப் பார்க்க வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். வந்த விருந்தாளியை யார் துரத்துவார்கள்? அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. பேத்தி வாண்டு 'பெரிய தாத்தா' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். எல்லாரும் சிரித்தார்கள். இரவில் ஒரு நாள் அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது, "என்னப்பா யோசனை?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல. எனக்கு அண்ணன் இருந்திருந்தா எப்படி இருப்பான்னு பாத்துட்டிருக்கேன்" என்றார்.

டாக்டர் போனதும் அவள் கணவனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அவன், "கிளம்பிட்டீங்களா?" என்று உற்சாகமாகக் கேட்டான்.

"அப்பா போயிட்டாருங்க."

"எங்க போயிட்டாரு?"

அவள் அழுதாள். அவனுக்குப் புரிந்தது. ஆனால் அங்கே அவனால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று மாடிப்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் தெருவுக்கு நடந்து போவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"நான்தான்... என் வாயிலதான் வந்துச்சு" என்றான். "நான் வரேன். உடனே பஸ் ஏறறேன்."

"என்ன சொல்லிட்டு வருவீங்க?"

அவளே மேலே பேசினாள்.

"குடும்பத்தைக் கண்ணால பாத்தாத்தான் சாவின்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்களே. இன்னைக்கு நாங்க வரலன்னா அடுத்தவனுக்குக் குடுத்துருவாங்க."

"உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா? பொய் சொல்லி வீடு கேட்டவங்கன்னு ஆகும். இங்க புதுசா வர்றவங்க லாரி வாசல்ல வந்து நிக்குது. நம்ம சாமான் நம்ம லாரில நிக்குது. நடுரோட்டுலயா குடியிருக்கிறது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அங்கயே இருங்க. மதியத்துக்குள்ள அடக்கம் பண்ணிட்டு நான் வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

வாசலில் உண்மையிலேயே இன்னொரு லாரி நின்றது. புதுக் குடித்தனக்காரியும் அவள் புருஷனும் இறங்கி, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களும் பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தலைநகரத்து வாடகை தாங்காமல், இங்கே மலிவு என்று வந்தவர்கள். தன்னைத் துரத்துகிற வாடகையை மலிவு என்று தேடி வருகிறவர்களும் இருக்கிறார்களே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெரியவரைக் கிடத்த ஒன்றும் இல்லை. கட்டிலை முதலில் ஏற்றியதால் அது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. மொத்தத்தையும் இறக்கினால்தான் எடுக்க முடியும். புதியவள் ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தன் லாரியிலிருந்து பாயும் வெள்ளைப் போர்வையும் கொண்டுவந்து விரித்தாள். போர்வை மடிப்புக் கலையாத புதுசு.

"புது வீட்டுக்குன்னு வாங்கினது போல இருக்கே" என்றாள் இவள்.

"வீடு இதுதானே. பரவால்ல, போர்த்துங்க."

வாண்டு தாத்தாவின் காலடியில் உட்கார்ந்திருந்தது. அம்மாவை இழுத்து, காதோடு காதாக, "இப்ப எப்படிம்மா கூப்பிடணும்?" என்று கேட்டது.

"தாத்தான்னே கூப்பிடு. எவ்வளவு வேணும்னாலும் கூப்பிடு."

மயானத்துக்குப் பெரிய கூட்டமில்லை. லாரிக்காரர், சுமை தூக்குகிற இரண்டு பேர், புதுக் குடித்தனக்காரியின் புருஷன், கண்டக்டர் தினமும் டீ குடிக்கப் போகிற பேக்கரிக்காரர். பேக்கரிக்காரர் மட்டும் அவரை அறிந்தவர். குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். ஒரு வாரப் பழக்கத்தில் அவள் நாக்கு வேறு பக்கம் புரண்டது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"அப்பா" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவளுக்குப் போதவில்லை. "என் அப்பா. என்னைப் பெத்தவர்" என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. அப்பா, அப்பா என்று மண் விழ விழச் சொன்னாள், ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். டிக்கெட் எடுத்த ஸ்டேஜைத் தாண்டினால் டிக்கெட் செல்லாது என்று அவர் பயணிகளோடு மல்லுக்கட்டியதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். இந்த ஊர் எல்லையைத் தாண்டினால் இந்த வார்த்தையும் செல்லாது. தாண்டுவதற்குள் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. லாரிக்காரர் அவளைப் பிடிக்க வந்தவரைத் தடுத்து, "விடுங்க, அழட்டும்" என்றார்.

திரும்பி வந்தபோது புதியவர்களின் பீரோ உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் வாசலோடு நின்று முகம் கழுவினாள்.

லாரியில் முன்னால் லாரிக்காரர் பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம்; அவளும் வாண்டும்தான் ஏறினார்கள்.  வழியில் லாரிக்காரர் ஒரு கடையில் நிறுத்தி வாண்டுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். சாலை நேராகக் கிடந்தது. பாதி தூரத்தில் அவள் மகளிடம், "அந்த வீட்டுல போய்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா" என்றது வாண்டு.

வெயில் தாழ்ந்தபோது போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் கணவன் நின்றான். அவன் கண் சிவந்திருந்தது. அவளை அணைக்கக் கை எடுத்தவன், பின்னால் வீட்டுக்காரம்மா வருவதைப் பார்த்து, அதே கையால் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்காரம்மா இவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வீங்கியிருக்கு? இந்த ஊருக்கு வர இஷ்டம் இல்லையா?"

அவள் வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  கணவன், "அது வந்துங்க..." என்றான்.

"எங்க பெரிய தாத்தா செத்துட்டாரு" என்றது வாண்டு. பிசிறு இல்லாமல், ஒத்திகையில் பழகிய பேரையே சொன்னது.

"அடடா. யாரு அது?"

இனி அவள்தான் சொல்ல வேண்டும். "பெரியப்பாங்க" என்றாள். "அப்பாவோட அண்ணன். இன்னைக்குக் காலைல."

"அடப் பாவமே. அப்படியும் வண்டி ஏறி வந்துட்டியா? ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு நாள் பொறுத்திருப்பேனே. நான் என்ன ராட்சசியா?" அந்த அம்மாளின் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. "உங்க அப்பாவும் இப்படித்தான் திடீர்னு போனாராமே?"

"ஆமாங்க."

"அதையே தாங்கினவ நீ. பெத்தவங்க போறதுதான் துக்கம். இது பெரியப்பாதானே, ரெண்டு நாள்ல மனசு தேறிடும்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள். இன்னொரு கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். சோப்பு வாசனை அடிக்கிற, சொரசொரப்பான கை.

"ஆமாங்க, பெரியப்பாதான்" என்று சொல்லிவிட்டு, துடைத்து முடிகிற வரைக்கும் அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். லாரிக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமல் கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.